சென்னை ஆயுதப்படையிலிருந்து கும்பகோணம் பக்கம் மாறுதல்: சின்ன ஊர் ஸ்டேஷன் வேலை எப்படி இருக்கும்?

பொன்னிக்கரை_27
ஞாயிறு, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சென்னை ஆயுதப்படையில் ஐந்து வருடம் ஓடிவிட்டது. பாரா (வாசல் காவல்), கைதி வழிக்காவல், ஊர்வலம், பொதுக்கூட்டம், கிரிக்கெட் மேட்ச் பந்தோபஸ்து, இவ்வளவுதான் இதுவரை நான் பார்த்த போலீஸ் வேலை. எஃப்.ஐ.ஆர். பற்றிப் பயிற்சிப் பள்ளியில் படித்ததோடு சரி.

தஞ்சாவூர் மாவட்டத்துக்குக் கேட்டிருந்த மாறுதல் இப்போது வந்துவிடும்போலத் தெரிகிறது. கும்பகோணம் உட்கோட்டத்தில் ஏதாவது ஒரு ஸ்டேஷன் என்கிறார்கள். எங்கள் ஊர் அங்கிருந்து 20 கிலோமீட்டர். அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இரண்டு மாட்டையும் அவரையும் அம்மா ஒருத்தியால் பார்க்க முடியவில்லை. வரத்தான் ஆசை. ஆனால் பேட்ச்மேட்கள், "சின்ன ஊருக்குப் போகாதேடா, டீக்கடையில் நின்றால்கூட ஊரே பார்க்கும், சொந்தக்காரன் எல்லாம் சிபாரிசுக்கு வந்து நிற்பான்" என்கிறார்கள்.

சம்பளம், படி எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள் எப்படிப் போகும், எங்கே சறுக்கும், அதை மட்டும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு
ஞாயிறு, இரவு 11.40

தம்பி, 1988-ல் சேர்ந்து, 25 வருடம் முடிந்தபோது எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஆகி, 60 வயதில் வெளியே வந்தவன் நான். பாதி சர்வீஸ் டெல்டாவில்தான். கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்.

சென்னை கமிஷனர் ஊர். கோவை, மதுரை, திருச்சி என்று அப்படி ஒன்பது ஊர்கள் இருக்கின்றன. கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் போலீஸுக்கு அது எஸ்.பி. மாவட்டத்தில் ஒரு டி.எஸ்.பி. உட்கோட்டம்தான். பெருநகரத்தில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், கிரைமுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்று பிரித்திருப்பார்கள். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரியுங்கள் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. சின்ன ஊர் ஸ்டேஷனில் அதே நான்கு கைதான். காலையில் தேர் பந்தோபஸ்தில் கயிறு பிடித்தவன் மத்தியானம் நகைப் பறிப்பு வழக்கில் கேமரா பார்ப்பான், ராத்திரி ரோந்து போவான்.

காலை ரோல்காலில் பன்னிரண்டு பேர் நின்றால், பத்து மணிக்கு ஸ்டேஷனில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறாய்? ஒருவர் கோர்ட், ஒருவர் சம்மன், ஒருவர் பாஸ்போர்ட் விசாரணை, இரண்டு பேர் ஜி.எச். பிணவறை வாசலில், நான்கு பேர் யாரோ ஒரு வி.ஐ.பி. நவக்கிரகக் கோயிலுக்கு வருகிறார் என்று ரோட்டில். மிச்சம் பாரா, ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்து வேலை பார்ப்பவர்), நீ. மனு கொடுக்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள். முகூர்த்த நாளாக இருந்தால் பெரிய கடைத் தெருவில் வேன் மாட்டிக்கொண்டு அதற்கும் போன் வரும்.

ராத்திரி ரோந்தில் பட்டா புத்தகம் (ரோந்து போனதற்குக் கையெழுத்துப் போடும் நோட்டு) இருக்கும். பேங்க், ஏ.டி.எம்., கோயில், பூட்டின வீடு எல்லாவற்றிலும் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆறு மாதம் பைக்கை விட்டு இறங்கி நட. எந்த வீட்டில் எந்நேரம் விளக்கு எரியும், எந்தத் தெரு நாய் யாரைப் பார்த்துக் குரைக்காது என்பதெல்லாம் நடந்தால்தான் பிடிபடும். மூன்றாவது மாதமே திருட்டு வழக்கில் அது உதவும்.

கஷ்டம் எது என்று கேட்டாய். ஒருநாள் விடியற்காலை காவிரியில் ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாகத் தகவல். முகம் அடையாளம் தெரியவில்லை. காலைப் பார்த்தேன், டயர் செருப்பு. இடது செருப்பின் வார் அறுந்து, பச்சை ஒயர் போட்டுக் கட்டியிருந்தது. முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாண்ட் வாசலில் வேர்க்கடலை வாங்கும்போது அந்தப் பச்சை ஒயரைப் பார்த்திருந்தேன். பெருநகரத்தில் அது பெயர் தெரியாத உடல். உள்ளூரில் நான்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் பெண்சாதி என்னைப் பார்த்ததும், "அண்ணே, கடலை இன்னும் வறுக்கலையே" என்றது. அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆள் தெரிவதுதான் இந்த வேலையில் உனக்கு ஆயுதம். உன்னைக் கவிழ்ப்பதும் அதுதான். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

மைக்_மோகினி
திங்கள், காலை 6.05

வயர்லெஸ் டூட்டியிலிருந்து. ஐயா சொன்ன பச்சை ஒயரைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

ரைட்டர்_அக்கா
திங்கள், மதியம் 2.30

தம்பிக்கு வணக்கம். நான் தலைமைக் காவலர். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. ரைட்டராக ஏழு வருடம்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் ரைட்டர் பக்கத்தில் போய் உட்கார். யாரும் சொல்லாவிட்டாலும் உட்கார். ஜி.டி. (ஸ்டேஷன் தினக்குறிப்பு) எழுதுவது, சி.எஸ்.ஆர். (மனு வாங்கியதற்கான ரசீது) போடுவது, சி.சி.டி.என்.எஸ்.-ல் (போலீஸ் கம்ப்யூட்டர் பதிவில்) ஏற்றுவது, சொத்துப் பதிவேடு, இதெல்லாம் கையால் பழகினால்தான் வரும். 2024 ஜூலை 1-லிருந்து சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம். சோதனை, கைப்பற்றுதல் எல்லாம் வீடியோ எடுக்க வேண்டும், 105-ஆம் பிரிவு. பல இடங்களில் காவலரின் சொந்தப் போனில்தான் எடுக்கிறார்கள். குழந்தையின் பிறந்தநாள் படங்களை அழித்துவிட்டு கஞ்சா வழக்குக்கு இடம் பண்ணிய தம்பி ஒருவன் எங்களிடம் இருக்கிறான்.

பெண் போலீஸ் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1973-ல் தமிழ்நாட்டில் பெண்கள் இந்த வேலைக்கு வந்தார்கள், 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் பந்தோபஸ்து என்றால் எனக்கு முதலில் வரும் கவலை பாத்ரூம்தான். காலை ஐந்து மணியிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நின்று சிறுநீரகத் தொற்று வந்தவர்களை எனக்குத் தெரியும். 2021-ல் முதல்வர் போகிற பாதையில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது, பெரிய நிம்மதி. பேறுகால விடுப்பு ஒரு வருடம் ஆனதும், விடுப்பு முடிந்து வருபவர்களுக்கு பெற்றோர் அல்லது கணவர் வீடு இருக்கும் மாவட்டத்தில் மூன்று வருடம் பணி என்று 2024-ல் அறிவித்ததும் நல்ல காரியங்கள். திருவிழாவில் இன்னும் அதே நிலைமைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊரில் ஒருவர் செய்யும் தப்பை மற்ற எல்லோரும் சேர்ந்து மூடிவிடலாம். நாளைக்கும் அதே முகங்களோடுதான் சாப்பிட வேண்டும். சாத்தான்குளமும் சின்ன ஊர்தான். 2020 ஜூனில் அங்கே போலீஸ் அடித்ததில் தந்தையும் மகனும் இறந்தபோது, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அதே ரேங்கில் இருக்கும் என்னால் சொல்லியிருக்க முடியுமா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். தம்பி, உன் முன்னால் யாராவது கை ஓங்கினால் அன்றைக்கே பிடித்து நிறுத்து. அடுத்த நாள் உனக்கு வாய் வராது.

வக்கீல்_குடந்தை
திங்கள், இரவு 9.20

நான் 14 வருடமாக இங்கே கிரிமினல் பக்கம் ஆஜராகிறேன். அரசலாறு ஐயா எழுதியதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எல்லோரும் தொடாமல் போகும் ஒரு விஷயத்தைத் தொடுகிறேன். ஸ்டேஷனில் "பேசி முடிப்பது".

சின்ன ஊர்களில் வரும் மனுக்களில் பெரும்பகுதி கைமாற்றுப் பணம், வாடகைக் கடை, வரப்பு, சாக்கடைத் தண்ணீர், மருமகள் நகை. இதில் பலது சிவில். போலீஸுக்கு வேலை இல்லை. ஆனாலும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குகிறார்கள். வந்தவர் ஏழை என்றால் நின்றுகொண்டே கையெழுத்துப் போடுகிறார்.

லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு மாதிரி சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணை. புதுச் சட்டத்தில் 173(3) கூட, மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளில் முடிக்க வேண்டிய விசாரணையைத்தான் அனுமதிக்கிறது. மாதக்கணக்கில் "நாளைக்கு வாங்க" என்று அலைக்கழிக்க எங்கேயும் இடமில்லை. சாட்சி விசாரணை என்று பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் ஸ்டேஷனுக்கு வரவைப்பதை அதே சட்டத்தின் 179-ஆம் பிரிவு தடுக்கிறது. அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஸ்டேஷனில் 71 வயது பெரியவர் ஒருவர் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பையில் சர்க்கரை மாத்திரை வைத்திருந்தார், சாப்பாடு இல்லாமல் எப்படிப் போடுவது என்று என்னைக் கேட்டார்.

தம்பி நல்ல மனதோடு வருகிறான். அதனால்தான் சொல்கிறேன். பஞ்சாயத்து பண்ணாதே.

அரசலாறு
செவ்வாய், அதிகாலை 4.50

தூக்கம் வரவில்லை. வக்கீல் சாருக்குப் பதில்.

முதலில் என் தரப்பு. சாக்கடைத் தண்ணீருக்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் அரிவாள் தூக்கி, 107 (சண்டை வராமல் இருக்கப் பிணை எழுதி வாங்கும் பழைய பிரிவு) போட்டு ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) முன்னால் நிறுத்தும்வரை போன வழக்கு ஒன்று. கோர்ட்டில் அது பத்து வருடம் நடந்திருக்கும். அவர்கள் அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டு, கொத்தனாரையும் அழைத்துப் போய், இரண்டடி குழாய் எங்கே பதிக்கலாம் என்று பார்த்தோம். மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஜனங்கள் ஸ்டேஷனுக்கு வருவது இதற்காகவும்தான். வேறு எங்கே போவார்கள் சார்?

இதை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். பாதி உண்மையைச் சொல்லி நிறுத்துவது இந்தப் பையனுக்குச் செய்கிற துரோகம்.

ஒரு தையல்காரர். வாடகைக் கடை. கட்டடக்காரர் காலிபண்ணச் சொல்லி மனு கொடுத்தார். அந்தக் கட்டடக்காரர் என் மகள் படித்த பள்ளியில் வாத்தியார். என் மகளுக்குக் கணக்கு வந்ததே அவரால்தான். காசு எதுவும் கைமாறவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே தையல்காரரைக் கூப்பிட்டு, "எதற்கு வம்பு, ஒரு மாதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் உடனே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்றைக்கு ஒரு காரியம் சுமுகமாக முடிந்த திருப்தி.

அந்தக் கடைக்கு அவர் நான்கு வருடத்துக்கு முன்பு கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வரவில்லை என்று ஒரு வருடம் கழித்து இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. விசாரிக்காமலே எழுதி வாங்கியிருக்கிறேன். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் போய்விட்டார். அந்த வழியாக நான் பைக்கில் போனால் தைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். காக்கி போடாமல் லுங்கியோடு போனாலும் எழுந்து நிற்பார். பெரிய ஊரில் அவரை அப்புறம் பார்த்தே இருக்க மாட்டேன். இங்கே ஒன்பது வருடம் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் அவர் உட்காரவில்லை.

தம்பி, சிபாரிசுக்கு வருகிறவனைப் பற்றி உன் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அவனைச் சமாளித்துவிடலாம், அவன் வாய்விட்டுக் கேட்கிறான். கேட்காமலே நாமாக ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோமே, அதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வக்கீல்_குடந்தை
செவ்வாய், காலை 8.10

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. அந்தத் தையல்காரர் இன்னும் இருக்கிறார் என்றால், அட்வான்ஸுக்கு எழுத்து ஏதாவது அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். காலக்கெடு தாண்டியிருக்கும், சட்டத்தில் பெரிதாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் கட்டடக்காரரிடம் நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன். ஃபீஸ் வேண்டாம்.

பாத்திரக்கடை
செவ்வாய், மாலை 5.45

நான் போலீஸ் இல்லை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவன். கடை வாசலில் வைத்த பைக் போனது. ஒரு ஸ்டேஷனில் மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள் எஸ்.ஐ. இல்லை, இரண்டாம் நாள் சர்வர் இல்லை, மூன்றாம் நாள் "இன்னும் நல்லாத் தேடிப் பாருங்க". ரசீது வேண்டும் என்று கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. நான்காம் நாள் ஒரு சின்னப் பையன், இந்தத் தம்பி வயதுதான் இருக்கும், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். ஆர்.சி. புத்தகம் வாங்கிப் பார்த்து இன்ஸ்பெக்டரிடம் கையோடு கூட்டிப்போய் எஃப்.ஐ.ஆர். போடவைத்து, நகலைக் கொடுத்து, "இது இலவசம், யாருக்கும் எதுவும் தராதீங்க" என்றான். பைக் கிடைக்கவே இல்லை. இன்ஷூரன்ஸ் பணம் அந்தத் தாளை வைத்துத்தான் வந்தது.

அந்தப் பையனுக்கு மாறுதல் ஆகிவிட்டது. தீபாவளிக்கு எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு வைத்து எடுத்துக்கொண்டு போனேன், ஆள் இல்லை.

காவலர்_இல்லம்
செவ்வாய், இரவு 10.00

வீட்டுக்காரம்மா தரப்பிலிருந்தும் ஒன்று. 2021-ல் வார ஓய்வுக்கு அரசாணை வந்தது. எங்கள் வீட்டில் அதை நம்பிச் சமைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியில் மைக் கூப்பிட்டுவிட்டது. சங்கம் வைத்துக் கேட்கவும் 1966-ஆம் வருடச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் தம்பி, சென்னையில் இருந்தபோது என் பிள்ளை அப்பாவைப் போனில்தான் பார்த்தான். இங்கே டூட்டிக்கு நடுவில் பத்து நிமிஷம் வந்து சாதம் ஊட்டிவிட்டுப் போகிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, வந்துவிடுங்கள்.

பொன்னிக்கரை_27
புதன், இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. ஆர்டர் வந்துவிட்டது. வருகிறேன். ஐயாவிடம் ஒரு கேள்வி. 2028-ல் மகாமகம் வருகிறதே, அதற்கு இப்போதிருந்தே என்ன தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

அரசலாறு
வியாழன், காலை 7.15

1992 பிப்ரவரி 18, மகாமகத்தன்று நான் குளத்துப் பக்கம் பந்தோபஸ்தில் இருந்தேன். நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். காரணங்களை விசாரித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நெருக்கடி முற்றியதும் கூட்டத்துக்குள் இருந்த எனக்குக் கையைக்கூட மேலே தூக்க முடியவில்லை, விசில் கழுத்தில் தொங்கியது, வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

அதனால் குளத்தைச் சுற்றி இருக்கும் எல்லாத் தெருக்களையும் நடந்து பார். எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த வீட்டுக் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும், எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் பின்வாசல் உண்டு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவை. அந்தச் சமயத்தில் வெளி மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கில் போலீஸ் வரும். அவர்களுக்கு வழி தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொன்னிக்கரை_27
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 1.20

வணக்கம். ஸ்டேஷனில் சேர்ந்து 40 நாள். இப்போது பாரா முடித்துவிட்டு எழுதுகிறேன். ஸ்டேஷன் பெயர் போடவில்லை.

ரைட்டர் அக்கா சொன்னபடி முதல் வாரமே ரைட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதலில் திட்டினார், இப்போது ஜி.டி. பாதி என் கையெழுத்து. ஐயா சொன்ன நோட்டும் ஆரம்பித்துவிட்டேன், 11 சந்து எழுதியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஆயா வந்தது. அரசலாற்றங்கரையில் மேய்ந்த இரண்டு ஆடு காணோம். ஒன்று சினை. பக்கத்து வீட்டுக்காரன் மேல்தான் சந்தேகம் என்று சொன்னது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் அத்தை வீட்டுக்குச் சம்பந்தி வழி. என் கல்யாணப் பேச்சுக்கே அவர்தான் நடுவில் இருக்கிறார். ஆயா பெயரைச் சொன்னதும் எனக்குள்ளேயே, "இவரா, இருக்காது" என்று ஒரு குரல் வந்தது. அப்போது அந்தத் தையல்காரர் ஞாபகம் வந்தது ஐயா. எஸ்.ஐ. சாரிடம் போய், இந்த மனுவில் எனக்கு வேண்டப்பட்டவர் இருக்கிறார், விசாரணைக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றார். சி.எஸ்.ஆர். ரசீதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் முழுசாக வாசித்துக் காட்டினேன். அதை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டது.

அத்தை இரண்டு நாளாகப் பேசவில்லை.

அரசலாறு
ஞாயிறு, காலை 5.30

ஆடு கிடைத்ததா?

பொன்னிக்கரை_27
ஞாயிறு, காலை 9.10

இன்னும் இல்லை ஐயா. செவ்வாய்க்கிழமை பக்கத்துச் சந்தைக்குப் போய்ப் பார்ப்பதாக ஏட்டையா சொல்லியிருக்கிறார். காதில் கருப்பு மச்சம், இடது கொம்பு கொஞ்சம் வளைவு. அந்தப் பக்கம் யாராவது பார்த்தால் சொல்லுங்கள்.